அமாவாசைக்கு ஓடாத இயந்திரங்கள்

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் நம்ப மாட்டீர்கள்: இங்கிலாந்தின் இந்தத் தொழிற்சாலை நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு தீப்பெட்டி வாங்க முடியாது. கடையெல்லாம் அடைப்பு, தெருவில் ஈ காக்கை இல்லை. வந்த புதிதில், யாரோ பெரிய மனிதர் போய்விட்டார் போலிருக்கிறது என்றே நினைத்தேன். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு ஞாயிறு என்ற ஒன்று கிடையாது. பள்ளிக்கூடம்தான் மூடும்; தறிகள் தடக் தடக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். தறி நிற்பதும் தெரு அடங்குவதும் அமாவாசையன்றுதான். "ஏம்பா அன்னைக்கு மட்டும் நிறுத்துறீங்க?" என்று அப்பாவை ஒருமுறை கேட்டேன். "அமாவாசையில யாருனா தறியில உக்காருவாங்களாடா?" என்றார். கேள்விக்குக் கேள்வியே பதில்.

நான் தறியில் உட்காராமல் உற்பத்திப் பொறியியல் படித்து டாக்டர் பட்டமும் வாங்கினேன். பிறகு இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் கற்பிக்க வந்தேன். எந்த இயந்திரத்தில் எந்த நாள் எந்த வேலை என்று கணக்குப் போட்டு, ஒன்றுக்காக இன்னொன்று காத்திராமல் பார்த்துக்கொள்ளும் வித்தை அது. ஆனால் காத்துக்கிடந்தவன் நான்தான். கல்யாணமான கையோடு விட்டுவந்த செண்பகத்தை, வேலை நிரந்தரமானால்தான் அழைத்துக்கொள்ள முடியும். அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. பக்கத்துக் கியர் தொழிற்சாலைக்கு நான் போடும் கால அட்டவணை ஒழுங்காக ஓடினால் நிரந்தரம் என்று எங்கள் துறைத் தலைவரான பேராசிரியர் சொல்லியிருந்தார்.

முதல் மாதமே தொழிற்சாலை ஃபோர்மன் கூப்பிட்டார். ஒரு புதன்கிழமை எந்த இயந்திரத்துக்குமே நான் வேலை போடவில்லையாம். அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்குக் கொடுத்த விடுமுறை நாட்களில், ஞாயிறுகளோடு அமாவாசைகளையும் சேர்த்திருக்கிறேன். தூக்கக் கலக்கமும் இல்லை, மறதியும் இல்லை. அன்றைக்கு இயந்திரம் ஓடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தொட்டில் பழக்கம், வேறென்ன சொல்ல.

"அன்று நிலா இருக்காது," என்று அவருக்கு விளக்கினேன்.

அவர் இரக்கத்தோடு கூரையைக் காட்டினார். "இங்கே மின்சார விளக்கு இருக்கிறது, டாக்டர்."

வேலை போயிற்று, செண்பகமும் வரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டே பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஏன் அன்று நிறுத்துகிறார்கள்?" என்றுதான் கேட்டார். எனக்குத் தெரிந்தது அப்பாவின் பதில் மட்டும்தான். அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். "ஞாயிற்றைப் பற்றிக் கேட்டால் என் அப்பாவும் இதைத்தான் சொல்வார்," என்று சிரித்துவிட்டு, திருத்திக் கொண்டுவரச் சொன்னார். அமாவாசைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். அட்டவணை ஓடியது. வேலையும் நிரந்தரமானது.

செண்பகம் வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை. மறுநாள் காலையில் எழுந்தவள், ஜன்னல் திரையை விலக்கி வெறும் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, ஒரு சத்தத்தையும் காணோம்? இன்னைக்கு அமாவாசையா?"

ஞாயிறு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஆமா" என்றேன். அவள் நிம்மதியாக அடுப்படிக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே, தொழிற்சாலைப் புகைபோக்கிக்கு மேலே, நல்ல வெளிச்சத்தில் பாதி நிலா நின்றுகொண்டிருந்தது.