மூன்று கல்லும் ஒரு பாஸ்புக்கும்

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிப்போனது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. காலில் குறைந்ததை வாயில் சேர்த்து வைத்துவிட்டார் கடவுள் என்று அண்ணன் கேலி செய்வார். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; அதில் வளப்பூர் நாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் மிளகுத் தோட்டம் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன், அண்ணி, நான் எல்லோரும் ஒரே வீடு, ஒரே உலை. அண்ணன் தங்கமான மனுசன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு அவரைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். எனக்கு எது வேண்டுமென்றாலும் அவர் வாயில் ஒரே சொல்தான் வரும்: "நான் தாரேன் கண்ணு." சோப்பு தீர்ந்தால் தாரேன். செருப்பு அறுந்தால் தாரேன். முப்பது வயதைத் தாண்டிய பிறகும் ஒரு ஹேர்பின் வாங்க அந்தத் 'தாரேன்' வரும்வரை காத்திருப்பது எப்படிப்பட்ட எரிச்சல் என்று, தன் பையில் தன் காசு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

எனக்கு வருமானம் இல்லாமல் இல்லை. மாதாமாதம் அரசாங்கத்தின் உதவித்தொகை வந்தது. ஆனால் அது விழுந்த கணக்கு அண்ணனும் நானும் சேர்ந்த கணக்கு. அவர் பெயர் மேலே, என் பெயர் கீழே, ஏடிஎம் கார்டு அவர் சட்டைப் பையில். மிளகு சீசனில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் உட்கார்ந்தபடி மிளகு புடைத்துத் தூசியும் பொக்கும் பிரித்துக் கொடுப்பேன். அதற்குக் கூலி உண்டு. ஒருநாள் பக்கத்துத் தோட்டக்காரர் நான் புடைத்த மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாப் பண்ணியிருக்குதுங்க" என்று அண்ணனைப் பாராட்டினார். அப்படியே கூலியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். நான் முறத்தோடு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். என் விரல் நகமெல்லாம் கறுத்துக் கிடந்தது. அண்ணன் காசைப் பையில் போட்டுக்கொண்டு, "உனக்கு என்ன வேணும் சொல்லு, சந்தையில வாங்கித் தாரேன்" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் நெஞ்சில் சூடாக இருக்கிறது.

செம்மேட்டில் என்னைப் போன்ற மாற்றுத்திறனாளிகள் மாதம் ஒருமுறை கூடும் குழு ஒன்று உண்டு. அங்கே போய்ப் பொரிந்து தள்ளினேன். திருப்புலி நாட்டிலிருந்து வரும் பார்வையில்லாத பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்கம்மா, காலுதான் வரலை, வாயி நல்லாத்தான் ஓடுது. அதை இங்க வந்து ஏன் செலவு பண்றீங்க? பேங்குல போய்ப் பேசுங்க" என்றார். அவருக்குத் தன் பெயரில் மட்டும் ஒரு கணக்கு இருந்தது. அதில் சேர்த்த பணத்தில்தான் அவர் வீட்டுக்கு ஓடு மாற்றியிருந்தார். குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரமே யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். வங்கிப் படியில் கைப்பிடி கிடையாது. ஊன்றுகோலை மேலே வைத்து, சுவரைப் பிடித்து ஒரு வழியாக ஏறினேன். உள்ளே இருந்தவர் என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "வீட்டுல இருந்து யாரையாச்சும் கூட்டிட்டு வாங்கம்மா, அண்ணன் இருக்காருல்ல?" என்றார்.

"அண்ணனுக்குக் கணக்கு வேணும்னா அவரே நடந்து வருவாருங்க. அவரு காலு நல்லாத்தான் இருக்குது. இது எனக்கு" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் கொஞ்சம் சிவந்தது, ஆனால் நல்லவர். விண்ணப்பத்தை எடுத்தார். ரேகை மெஷினில் என் விரல் பதியவே இல்லை. மிளகு புடைத்துப் புடைத்துத் தோல் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, கடைசியில் இடது சுண்டுவிரல் பதிந்தது. புது பாஸ்புக்கில் ஒரே ஒரு பெயர் இருந்தது. பஸ்ஸில் வரும்போது அதைத் திறந்து திறந்து பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "என்னம்மா, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டது. "அதைவிடப் பெரிசுங்க" என்றேன்.

வீட்டில் சொன்னேன். இனி உதவித்தொகையும் கூலியும் இதில்தான் விழும் என்றேன். அண்ணன் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், எழுந்து வெளியே போனார்.

மறுநாள் காலை நான் எழுந்து பின்கட்டுக்கு வந்தால், என் அறை வாசலில் மூன்று கற்கள் முக்கோணமாக வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு சின்னச் சட்டி, ஒரு படி சாமை, ஒரு கட்டு விறகு.

எங்கள் ஊர்ப் பழக்கம் இது. ஒரு வீட்டில் யாராவது பணத்தைத் தனியாகப் பிரித்துக்கொண்டால், உலையையும் பிரித்துக்கொண்டதாக அர்த்தம். மூத்தவர் எழுந்து மூன்று கல் வைத்து, ஒரு படி தானியம் அளந்து வைப்பார். கேஸ் அடுப்பு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பாகம் பிரிந்து போகிற அண்ணன் தம்பிகளுக்குச் செய்வது. நான் பாஸ்புக்கைக் காட்டியதை அண்ணன் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். தங்கச்சி தனியாகப் போகிறாள். போகிறவளுக்கு முறைப்படி செய்யவேண்டியதைச் செய்துவிட்டார். அந்தக் கற்களை இரவில் எப்படித் தனியாகத் தூக்கி வந்தாரோ தெரியவில்லை.

நான் அவரிடம் போய் அழுதிருக்க வேண்டும். எனக்கு வீம்பு வந்துவிட்டது. அடுப்பு மூட்டினேன். சாமை அடிப்பிடித்தது. உப்புப் போட மறந்துபோனேன். அதை அப்படியே தின்றேன். ஜன்னல் வழியாக அண்ணி ஒரு கிண்ணம் ரசத்தை நீட்டிவிட்டு, "உங்கண்ணன் ராத்திரி சாப்பிடலை கண்ணு" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் என் வீம்பு தாங்கவில்லை.

தோட்டத்தில் போய் அவரைப் பிடித்தேன். மிளகுக் கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"ஊருக்குள்ள என்னைத் திருடன்னு சொல்லாமச் சொல்லிப்போட்ட" என்றார்.

"நான் ஊட்டை விட்டுப் போகலீங்கண்ணா. காசு தனி, சோறு ஒண்ணு. அப்படி இருக்கக் கூடாதா?"

"அப்படி யாரு இருக்கறா?"

"நான் இருக்கறேன்" என்றேன். "பொறந்ததுல இருந்து நீங்க குடுக்கறீங்க, நான் வாங்கறேன். ஒருநாளாச்சும் நான் குடுக்க வேண்டாமா?"

அவர் அடுத்த கொடிக்கு நகர்ந்து மண் அணைக்கத் தொடங்கினார். ஆனால் அன்று இரவு அண்ணி எனக்கும் சேர்த்தே தட்டு வைத்தார். அண்ணன் அந்தக் கற்களை எடுக்கப் போனபோது, "இருக்கட்டுங்க" என்று தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

கணக்கில் பணம் சேர்ந்தது. நான் ஒன்றும் கஞ்சத்தனம் செய்யவில்லை. ஹேர்பின் வாங்கினேன், இஷ்டத்துக்கு வாங்கினேன். மீதியைத் தொடாமல் வைத்தேன். இரண்டு சீசன் போனதும் அண்ணனிடம், ஓடையோரம் இருக்கிற ஒரு வரிசை மிளகு மரங்களைக் குத்தகைக்குக் கேட்டேன்.

எங்கள் பக்கம் மிளகுக் கொடியை உயரமான சில்வர் ஓக் மரங்களில் ஏற்றி விடுவார்கள். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறித்தான் பறிக்க வேண்டும். அண்ணன் சிரித்துவிட்டார். "ஏற முடியாதவளுக்கு மரம் எதுக்கு? மிளகு வேணும்னா சொல்லு கண்ணு, நான் தாரேன்."

மறுபடியும் தாரேன்! அங்கேயே போனை எடுத்துக் குத்தகைப் பணத்தை அவர் கணக்குக்கு அனுப்பினேன். அவர் சட்டைப் பையில் போன் கிணுகிணுத்தது. மறுநாள் என் தலையணைக்கு அடியில் அதே பணம் நோட்டாக இருந்தது. நான் திரும்ப அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து நான் மிளகு புடைக்கும் முறத்தில் இருந்தது. திரும்ப அனுப்பினேன். கடைசியில் அண்ணிதான் அண்ணனைப் பார்த்து, "எனக்கே தலை சுத்துது. வாங்கிக்கோங்க, இல்லைன்னா நான் எடுத்துக்கறேன்" என்று சண்டையை நிறுத்தினார்.

அந்த வருடம் மிளகு நன்றாகப் பிடித்தது. எல்லோர் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் பழுத்ததால் ஏறுகிற ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. பழுத்ததை உடனே பறிக்காவிட்டால் உதிர்ந்து மண்ணோடு போகும். என் சேமிப்பும் கூடவே போகும். ஆளைத் தேடிப்போனால், "அண்ணன்கிட்டப் பேசிக்கறமுங்க" என்றார்கள். "மரம் என்னுது, கூலி என்னுது, என்கிட்டப் பேசுங்க" என்றேன். இரண்டு பேர் சம்மதித்தார்கள். மூன்றாவது ஆள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலையில் வரவே இல்லை. ஊன்றுகோலோடு மரத்தடியில் நின்று மேலே சிவந்து தொங்கிய சரங்களைப் பார்த்தபோது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

அப்போது தோளில் ஏணியோடு அண்ணன் வந்தார்.

"ஏனுங்க, ஒரு ஆளு குறையுதுன்னு கேள்விப்பட்டனுங்க. என்ன கூலி தருவீங்க?" என்று கேட்டார். என்னைப் பார்த்து வாங்க போங்க என்று பேசியது வாழ்க்கையிலேயே அன்றுதான். மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் என்னவோ அதுதானுங்க" என்றேன்.

பறிப்பு நாளில் தோட்டக்காரர்தான் தன் அடுப்பில் சமைத்து ஆட்களுக்குச் சோறு போட வேண்டும். அண்ணி கேஸ் அடுப்பில் வைக்கிறேன் என்றார். நான் கேட்கவில்லை. என் அறை வாசலில் அந்த மூன்று கற்கள் காத்திருந்தன. ஆனால் பெரிய பானையை ஏற்றியதும் ஒரு கல் ஆடியது. கைகால் கழுவ வந்த அண்ணன் அதைப் பார்த்தார். குனிந்து பானையை இறக்கினார், கல்லுக்கு அடியில் மண்ணை வழித்து, கையால் அமுக்கி அமுக்கி உட்கார வைத்தார்.

"அன்னைக்குச் சின்னச் சட்டிக்குத்தான் வெச்சேன். இத்தனை பேருக்கு நீ சோறாக்குவேன்னு தெரியாமப் போச்சு" என்றார். பானையை அவரே மறுபடி தூக்கி ஏற்றினார்.

வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான்தான் பரிமாறினேன். ஒரு கை ஊன்றுகோலில், ஒரு கை அகப்பையில். உப்பு சரியாக இருந்தது. சாப்பாடு முடிந்ததும் மூன்று பேருக்கும் கூலியைப் போனில் அனுப்பினேன். அண்ணன் தன் போனை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் படித்தார். என்றைக்கோ என் கூலி அவர் கைக்குப் போனது எனக்கு நினைவு வந்தது. அவருக்கும் வந்திருக்கும். தலையணைக்கு அடியில் காசு வருமா என்று அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரவில்லை. இருட்டும் நேரத்தில் கடைப்பக்கம் போனவர் ஒரு பொட்டலம் சூடான போண்டாவோடு திரும்பினார். அண்ணிக்கு ஒன்று கொடுத்துவிட்டு எனக்கும் நீட்டினார்.

"எடுத்துக்க கண்ணு" என்றார். "என்னோட கூலியில வாங்குனது."