கேட்டின் மேல் ஒரு பொட்டு

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துத் தையல்கார அக்கா என்றுதான் அவரைத் தெரியும். ஒடிசலான உடம்பு, நெற்றியில் அகலமான ஸ்டிக்கர் பொட்டு. யோசிக்கும்போதெல்லாம் அதை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொள்வார். பேசும்முன் மறுபடி நெற்றியில் அழுத்திக்கொள்வார்.

திருப்பதியில் எங்கள் ரயில்வே கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை போடுவதற்காக, இரு பக்கத்து மக்களையும் கல்யாண மண்டபத்துக்கு அழைத்திருந்தார்கள். விருப்பத்தை வரைபடத்தில் ஒட்டிக் காட்ட எங்களுக்குப் பச்சை வட்டம், அந்தப் பக்கத்தாருக்கு நீலம். பாதை எங்கள் தெருவில்தான் திறக்க வேண்டும் என்று ஆளாளுக்குக் கத்தினோம். அவர்கள் ஒட்டியதை நாங்கள் பிய்த்தோம், நாங்கள் ஒட்டியதை அவர்கள்.

அக்கா நீல வட்டத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, நெற்றிப் பொட்டை உரித்து வரைபடத்தில் இருந்த கேட்டின் மேல் ஒட்டினார்.

“கேட்டே இருக்காதேக்கா,” என்றேன்.

“தெரியும் தம்பி. கேட்டு மூடிக்கினு இருந்தாதான் அந்தாண்ட நிக்கிற உங்க மூஞ்சிய பாக்கறோம், நல்லா கீறீங்களான்னு ஒரு வார்த்த கேக்கறோம். கேட்டை எடுத்துக்கட்டும். நிக்கிறதுக்கு ஒரு எடம் வுடச் சொல்லு.”

அந்தப் பொட்டை யாரும் பிய்க்கவில்லை.

பாதை வந்துவிட்டது. நல்ல வசதிதான். ஆனால் அதில் நிற்க இடமில்லை. வண்டி இறங்கி ஏறுவதற்குள் எதிரே போனது யாரென்றே தெரிவதில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது, கேட்டை எடுப்பதற்குச் சில நாள் முன்பு. கேட் மூடியிருந்தது. அந்தப் பக்கம் புதுப் பொட்டோடு நின்றிருந்தார்.

“துன்னியா தம்பி?” என்று சத்தமாகக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் ரயில் வந்துவிட்டது.