ஆறிய கையின் நோவு

எழுபதுகளின் நடுப்பகுதி. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்த காலம். அனலைதீவில் எங்கள் வீட்டில் அம்மா, அண்ணை, அண்ணையின் மனைவி, தங்கை நான் என்று நாலு பேர். அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். கடலுக்கு அந்தப் பக்கம் கரம்பொன்னிலிருந்து கலியாணம் செய்து வந்தவர். என்னைவிட நாலு வயது மூத்தவர்.

அந்த வருடம் புகையிலை நட்டுச் சில நாளில் மச்சாள் தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பினார். மாரிக் கடல். கரையில் இறங்கும்போது வள்ளம் ஆடி, அவரது வலது கை வள்ளத்துக்கும் இறங்குதுறைக் கல்லுக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டது. மணிக்கட்டு எலும்பு வெடித்துவிட்டது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிளாஸ்டர் போட்டோம். ஆறு கிழமை கழித்து அதை வெட்டி எடுத்து எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது என்றார்கள்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சட்டைக் கை முட்டினாலே மச்சாள் துடித்தார். வாடைக் காற்றுப் பட்டால் எரிகிறது என்று கையை ஈரத்துணியால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, குசினியில் சமைப்பது, புகையிலைக் கன்றில் புழு எடுப்பது எல்லாம் என் தலையில் விழுந்தன. முதல் மாதம் பரிதாபப்பட்டேன். இரண்டாம் மாதம் எரிச்சல் வந்தது. "பொருந்தின எலும்பு எப்பிடி நோகும்?" என்று அண்ணை கேட்டார். வேலைக்குக் கள்ளம் என்று அயலில் கதைத்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு மத்தியானம் மச்சாள் கதவடியில் பாயில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஈரத்துணி கழன்று, கை தலையணைமேல் கிடந்தது. முற்றத்தில் ஒரு கோழி இறகு கண்ணில் பட்டது. உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு குரூரமான எண்ணம். மெதுவாகப் போய் அவரது புறங்கையில் இறகால் ஒரு கோடு இழுத்தேன்.

கண் திறக்க முன்னமே கை வெட்டி இழுத்தது. பிறகுதான் அலறல். என் கண் முன்னால் அந்தக் கை சிவந்து, ஊதா நிறமாகி, வியர்வை துளித்துளியாகப் பூத்தது. மற்றக் கை சாதாரணமாக இருந்தது. மச்சாள் எழும்பி முற்றத்துக்கு ஓடி, சாப்பிட்டதெல்லாம் வெளியில் வரச் சத்தி எடுத்தார். திரும்பி வந்தபோதும் இறகு என் விரலிடுக்கில்தான் இருந்தது.

"சோதிச்சுப் பாத்தனீரோ?" என்றார். அவ்வளவுதான். அண்ணையிடமோ அம்மாவிடமோ ஒரு சொல் சொல்லவில்லை.

தூக்கத்தில் ஒருவர் நடிக்க முடியாது. மச்சாளைத் திரும்ப யாழ்ப்பாணம் கொண்டுபோகவேணும் என்று அன்று இரவே அண்ணையிடம் சொன்னேன். "பாத்தவை எல்லாரும் சுகமெண்டு சொல்லிப்போட்டினம். இனி என்னத்துக்கு?" என்றார். "நீங்கள் வராட்டி நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். அண்ணையை எதிர்த்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நாள் காலை வள்ளத்திலேயே நானும் மச்சாளும் கிளம்பினோம். ஊர்காவற்றுறையிலிருந்து பஸ். அது குலுங்கும் ஒவ்வொரு தடவையும் மச்சாள் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் கிடைத்தவர் ஒரு பெண் வைத்தியர். அவர் கையைத் தொடவில்லை. குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"எலும்பு ஆறினது உண்மை. நரம்பு இன்னும் ஓயேல்லை. அடிபட்ட இடத்தில ஊறுற சில பதார்த்தங்கள் நரம்பு நுனிக்கு உணர்ச்சியைக் கூட்டிவிடும். அது ஓயாமல் நோகுதெண்டு சொல்லச் சொல்ல, முள்ளந்தண்டுக்குள்ள இருந்து கேக்கிற நரம்புகளுக்கும் உணர்ச்சி கூடிப்போகும். பிறகு துணி முட்டினாலும் நெருப்புச் சுட்டதெண்டுதான் மூளைக்குப் போய்ச் சேரும்."

மச்சாள் ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப எனக்கு விசர் இல்லையோ, டொக்டர்?"

"இல்லை. கள்ளன் வந்துபோன வீட்டு நாய் பிறகு காத்துக்கும் குலைக்கும். பொய்க்குக் குலைக்கிறேல்லை. பயமில்லையெண்டு அதைப் பழக்கவேணும்."

பழக்கும் விதத்தையும் சொல்லித் தந்தார். ஈரத்துணியை விடவேணும். கையை ஒளித்து வைக்கக் கூடாது. தினமும் முதலில் பஞ்சால் தொடவேணும், பிறகு பழைய துணி, பிறகு முரட்டுத் துணி. நோகும், ஆனால் அதனால் கைக்குக் கெடுதல் வராது. மச்சாள் "போதும்" என்றால் அந்தக் கணமே நிறுத்தவேணும். "முழுக்கச் சுகமாகுமெண்டு நான் சொல்லமாட்டன்" என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் இலவம்பஞ்சோடு போய் மச்சாளுக்கு முன்னால் இருந்தேன். அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "மூண்டு எண்ணும். அதுக்கு மேல வேண்டாம்." மூன்று எண்ணினேன். அவர் கண்ணால் தண்ணீர் ஓடியது. நாலாவதை நான் எண்ணவில்லை.

ஒரு கிழமையில் ஐந்து. ஒரு மாதத்தில் இருபது. நடுவில் அவருக்குக் காய்ச்சல் வந்து எல்லாம் பழையபடி பூச்சியத்துக்குப் போனது. அப்போது அண்ணையே இரங்கி, "விடு, அவளை வருத்தாதை" என்றார். மச்சாள்தான் கையை நீட்டினார். "எண்ணும்." அண்ணையின் பழைய வேட்டி, சாரம், கடைசியில் சாக்குத் துணி என்று வந்து சேர அடுத்த மாரியும் நெருங்கிவிட்டது.

சாக்கால் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் என்னால் மன்னிப்புக் கேட்க முடிந்தது. அவர் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவேயில்லை.

"எல்லாரும் சொல்லச் சொல்ல, நான்தான் நடிக்கிறனோ எண்டு எனக்கே ஐமிச்சம் வந்திட்டுது. நித்திரையிலயும் நொந்தது எண்டு கண்ட பிறகுதான் நான் என்னை நம்பினனான். ஆனா அதுக்காக உம்மை மன்னிச்சிட்டன் எண்டு நினையாதையும். எண்ணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கை முழுக்கச் சுகமாகவில்லை. இரண்டு விரல் முற்றாக மடங்காது, மாரிக் குளிரில் எரியும். ஆனால் ஒரு காலையில் நான் கிணற்றடியிலிருந்து வர, மச்சாள் திருவலையில் குந்தி அந்தக் கையாலேயே தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். "வாயைப் பிளந்துகொண்டு நிக்காமல் தேத்தண்ணியை வையும்" என்றார்.

வெளியில் ஒன்றும் தெரியாத நோவும் நோவுதான் என்பதை நான் கற்றுக்கொள்ள ஒருவரைத் தூக்கத்தில் அலறவைக்க வேண்டியிருந்தது. அந்த வெட்கம் எனக்கு ஆறவேண்டாம் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் யாராவது "நோகுது" என்று சொன்னால் முதலில் என்னை நம்பவைப்பது அதுதான்.