தோமையாருக்கு விழுந்த சீட்டு

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆதிக் கிறிஸ்தவ எழுத்துகளை நான் படிப்பிக்கிறேன். வருடா வருடம் தோமையார் கதையில் ஒரே இடத்தை நான் அவசரமாகக் கடந்துவிடுவேன். அப்போஸ்தலர்கள் உலகத்தைப் பங்குபோட்டுச் சீட்டுக் குலுக்குகிறார்கள். இந்தியா தோமையாருக்கு விழுகிறது. மனுஷன் போகமாட்டேன் என்கிறார். உடம்புக்கு முடியாது, எபிரேயன் நான் அந்தச் சனத்திடம் போய் என்னத்தைப் பேச, என்று சாட்டுச் சொல்கிறார். கடைசியில் ஆண்டவரே அவரை ஒரு வியாபாரிக்கு அடிமையாக விற்றுத்தான் அனுப்பவேண்டியிருக்கிறது.

"ஏன் மிஸ், அப்போஸ்தலரப் போய் இப்பிடிப் பயந்தாங்கொள்ளியா எழுதி வெச்சிரிக்காங்க?" என்று போன மாதம் ஒரு மாணவி கேட்டாள்.

எழுதியவர்களுக்கு அப்போஸ்தலர் மனுஷராகவே வேண்டியிருந்தார்கள், பயந்தவன் போய்ச் சேர்ந்ததுதான் கதை என்று விளக்கினேன். சொல்லும்போதே என்மேல் எனக்கு எரிச்சல் வந்தது. நானும் பயந்தவள்தான். ஆனால் போகவில்லை.

சுனாமிக்குப் பிறகு, முகாம்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க எங்கள் கோயிலிலிருந்து ஐந்து பேர் சேர்ந்தோம். யார் எங்கே போவது என்பதில் இழுபறி. அப்போஸ்தலர்கள் மாதிரிச் சீட்டுப் போடுவோம் என்று பெரிய வாய் பேசியது நான்தான். கொப்பித்தாளைக் கிழித்து ஊர்ப்பெயர்களை எழுதி, மாஜரின் டின்னில் போட்டுக் குலுக்கினோம். என் சிநேகிதிக்குப் பக்கத்திலேயே இருக்கிற தன்னாமுனை. எனக்கு வாகரை. அங்கே கடல் ஊரையே வழித்துக்கொண்டு போயிருந்தது. வழியெல்லாம் சோதனைச் சாவடி. துண்டை மற்றவர்களுக்குக் காட்டாமல், சிநேகிதியிடம் மட்டும் அம்மாவுக்குச் சுகமில்லை என்று பொய் சொன்னேன். அம்மா குத்துக்கல் மாதிரி இருந்தா.

சிநேகிதி என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மாவ ஏன்கா படுக்கையில போடுறாய்? பயம் எண்டாப் பயம் எண்டு சொல்லன். இஞ்ச தா."

துண்டுகளை மாற்றிக்கொண்டோம். மற்றவர்களுக்குத் தெரியாது.

சில மாதம் என்று போனவள், அங்கேயே நின்றுவிட்டாள். சண்டை மூண்டபோதும் பிள்ளைகளை விட்டுவர அவளுக்கு மனமில்லை. செல் குண்டு விழுந்து செத்துப்போனாள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். பாதை திறந்த பிறகுதான் அவளுடைய தாய் போய் அந்தக் குழியைப் பார்த்தா.

ஒவ்வொரு நினைவுப் பூசையிலும் அந்தத் தாய் வருகிறவர்களிடம் சொல்லுவா: "சீட்டு அவளுக்குத்தான் விழுந்தது. ஆண்டவர்ர சித்தம்." நான் பக்கத்தில் நின்று வாயே திறக்கமாட்டேன். வெட்கங்கெட்ட பிறவி நான். போர் முடிந்து இத்தனை வருடமாகியும் அப்படியே நின்றேன்.

மாணவி கேட்ட அன்று பின்னேரம் நேரே அவவின் வீட்டுக்குப் போனேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தா. பக்கத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். சீட்டு எனக்கு விழுந்தது மாமி, சாகவேண்டியவள் நான் என்று சொல்லி அழுதேன்.

அவ கத்தியை வைத்துவிட்டுக் கையைச் சீலையில் துடைத்தா.

"தெரியும் மனே. போற அண்டைக்கே அவள் என்னட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனவள். போகாத எண்டு நானும் அழுது பாத்தன். கேக்கல்ல."

"அப்ப ஏன் மாமி எல்லாரிட்டயும் அப்பிடிச் சொன்னீங்க?"

"உண்மையச் சொன்னா ஊர் உன்ன என்ன பாடு படுத்தும்? ஒரு புள்ளயக் குடுத்தது காணாதா எனக்கு?"