சஃபீனா பூட்டாத ஃபோல்டர்

தாராவியில் அந்தச் சந்துக்குள் நுழைந்து கம்ப்யூட்டர் எம்பிராய்டரி எங்கே என்று கேட்டால், கேட்டவரைக் கையோடு சஃபீனாவின் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கீழே ஒரு கூடம், மேலே ஒரு கூடம், இரண்டுக்கும் நடுவில் ஏணிபோல் செங்குத்தான இரும்புப் படி. கீழே மெஷின். அதற்குப் பின்னால் பலகைத் தடுப்புக்கு அப்பால் கொழுந்தன் ஷகீலும் அவன் மனைவி சைனபும் குடித்தனம். மேலே சஃபீனாவும் அவள் கணவன் அல்தாபும். ஆர்டர் பிடிப்பதும் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அண்ணன் தம்பி பாடு. மேலே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது சஃபீனா. கீழே அதை மெஷினுக்கு ஏற்றித் தைப்பது சைனப்.

மேலே போட்ட டிசைன் கீழே வருவதற்கு யாரும் படியேற வேண்டியதில்லை. சஃபீனா தன் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரை இரண்டு பேருக்கும் பொதுவாகத் திறந்துவைத்திருந்தாள். அவள் மேலே சேமித்த நிமிஷமே சைனபின் திரையில் அது வந்து நிற்கும். அந்த ஏற்பாட்டை யார் உதவியும் இல்லாமல் தானே செய்ததில் சஃபீனாவுக்குப் பெருமை உண்டு, அதை மறைத்துக்கொள்ளவும் மாட்டாள்.

அவளுக்கு இந்த வேலை வந்தது கல்யாணத்துக்கு முன்னால். அவள் வாப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்து தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தவர். மகள் பத்தாவது முடித்ததும் தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு சைபர் கஃபேயில் கல்லாவில் உட்கார வைத்தார். அங்கே எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே பிரிண்டர். வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப வந்தவர்கள் வரிசையில் நிற்கும்போதுதான் அது படுத்துக்கொள்ளும். முதலாளி பக்கத்துப் பேட்டையான சயானில் வேறு கடை வைத்திருந்தார், கூப்பிட்டால் வரமாட்டார். சஃபீனா துப்பட்டாவை இடுப்பில் சொருகிக்கொண்டு மேசைக்கு அடியில் தவழ்ந்து, ஒவ்வொரு ஒயராகப் பிடித்துக்கொண்டே போய், எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பாள். தூசியோடு வெளியே வந்து, "ம், இப்ப அடிங்க" என்பாள். அடித்தால் வரும். அந்த வயதில் அவளுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இருந்ததில்லை.

வம்பு தொடங்கியது ஒரு மழைக்கால வாரத்தில். பள்ளிக்கூடச் சீருடைக்கு அவள் போட்டுவைத்த தாமரைச் சின்னத்தை சைனப் கீழே திறந்து, தையலை மாற்றி, அதே பெயரில் சேமித்துவிட்டாள். சஃபீனாவின் மூலப் பிரதி போயே போய்விட்டது. படியில் பாதி இறங்கி நின்று அவள் சத்தம் போட்டாள்.

"என் ஃபோல்டர்ல இனி யாரும் கை வைக்காதிய. சொல்லிட்டேன். பூட்டிப்புடுவேன்!"

சைனப் மெஷினின் சத்தத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தோடு முடிந்ததென்றுதான் சஃபீனா நினைத்தாள்.

அடுத்த வாரமே ஃபோல்டர் நிஜமாகவே திறக்கவில்லை.

"ராத்தா, உங்க கம்ப்யூட்டரே இதுல காங்கல" என்று கீழேயிருந்து சைனபின் குரல் வந்தது. அக்கா முறைக்கு ராத்தா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் அன்று குரலில் சுரத்தில்லை.

சஃபீனா மேலேயிருந்தபடியே பார்த்தாள். கம்ப்யூட்டர் ஓடுகிறது, இன்டர்நெட் வருகிறது. சைபர் கஃபேயில் பழகியபடி கீழே இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு பிங் அனுப்பினாள். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைக் கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்பது அது. இருக்கிறேன் என்று கீழேயிருந்து உடனே பதில் வந்தது.

"லைன் எல்லாம் சரியாத்தாம் இருக்கு" என்று சத்தமாகச் சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தை அவளுக்கே வினையானது. லைன் சரி, கம்ப்யூட்டர் சரி, ஆனால் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால், பூட்டுவேன் என்று சொன்னவள் பூட்டிவிட்டாள் என்றுதானே அர்த்தம்? அன்று மத்தியானம் முழுக்க அவள் பாஸ்வேர்டையும் பாதுகாப்பு அமைப்புகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஷகீல் இன்டர்நெட்காரனுக்குப் போன் போட்டான். "நெட் வருதா? வருதுன்னா நம்ம வேலை பஸ், முடிஞ்சது" என்று அவன் வைத்துவிட்டான்.

பென் டிரைவில் வேலை நடந்தது. டிசைன் போய்ச் சேர்ந்தது, பேச்சு போய்ச் சேரவில்லை. பென் டிரைவ் வாங்க சைனப் மேலே வருவதில்லை, ஷகீலை அனுப்பினாள். அவன் படியில் நின்று கையை மட்டும் நீட்டுவான். அல்தாபும் ஒருநாள் சோறு சாப்பிட்டுக்கொண்டே, "தொறந்து விட்டுரு சஃபீனா, என்னத்துக்கு வீம்பு" என்றான். அவளுக்குக் கையிலிருந்த கரண்டியைத் தூக்கி எறியலாம்போல் இருந்தது.

"நான் பூட்டலை மச்சான். பூட்டியிருந்தா பூட்டினேன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். எனக்கென்ன பயம்?"

அது உண்மைதான் என்று அல்தாபுக்குத் தெரியும். அவள் எதையும் மறைத்துச் செய்கிறவள் இல்லை. ஆனால் கீழே போய் அதைத் தம்பி மனைவியிடம் எடுத்துச் சொல்லும் துணிச்சல் அவனுக்கு இல்லை.

கணபதிப் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. செம்பூரில் ஊர்வலத்துக்கு டோல் மேளம் அடிக்கும் பெண்கள் குழு ஒன்று, கையில்லாத காவிக் கோட்டுகளின் முதுகில் தங்கள் பெயரைத் தைக்கக் கொடுத்திருந்தது. குழுவை நடத்துகிற, எல்லாரும் மராத்தியில் அக்கா என்ற பொருளில் தாயி என்று கூப்பிடும் ஸ்நேஹல், முதல் டிசைனைப் பார்த்துவிட்டு, பெயருக்குக் கீழே செம்பூர் என்று ஊர்ப்பெயரும் வரவேண்டும் என்றாள். சஃபீனா அதைச் சேர்த்துப் புதுசாகப் போட்டாள். பென் டிரைவில் பழையதும் இருந்தது, புதியதும் இருந்தது. ஒன்றின் பெயர் ஃபைனல், மற்றதன் பெயர் ஃபைனல் நியூ. சைனப் ஃபைனலை எடுத்துத் தைத்துவிட்டாள். பாதிக் கோட்டுகள் ஊர்ப்பெயர் இல்லாமல் அடுக்கிக் கிடந்தபோதுதான் ஷகீல் கவனித்து அண்ணன் மனைவியைக் கூப்பிட்டான்.

"மைனி! இங்கன வாங்க, பெரிய லோச்சா ஆயிப்போச்சு, தப்பாத் தச்சாச்சு!"

சஃபீனா இறங்கி வந்தாள். சைனப் கோட்டுகளைப் பார்த்தபடி நின்றிருந்தாள், கண் கலங்கியிருந்தது. "ஃபோல்டரு தொறந்திருந்தா எனக்கு இது வருமா ராத்தா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

சஃபீனா வாதாடவில்லை. "எந்திரி, நகந்துக்கோ. இன்னைக்கு இத ஒரு கை பாத்துட்டுத்தாம் மேல போவேன்" என்று சைனபின் நாற்காலியில் உட்கார்ந்தாள். துப்பட்டா இடுப்புக்குப் போனது.

அங்கே உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் எல்லாவற்றையும் மேலேயிருந்தே பார்த்திருக்கிறாள். சைனபின் பக்கத்திலிருந்து ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இப்போது கீழேயிருந்து மேலே இருப்பதற்கு பிங் அனுப்பினாள். பதில் இல்லை. மறுபடி அனுப்பினாள். இல்லை.

"மேலயிருந்து கூப்பிட்டா கீழ கேக்குது. கீழயிருந்து கூப்பிட்டா மேல கேக்கல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் எண்களையும் எடுத்துப் பார்த்தாள். கீழே இருப்பதற்கு ஒரு வரிசை, மேலே இருப்பதற்கு வேறு வரிசை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, வேறு வேறு தெருவின் விலாசத்தை வைத்திருந்தன.

"ஷகீலு, இந்த வெள்ளை டப்பா எப்ப வந்துச்சு?"

மெஷினுக்கு மேலே பலகையில் இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு புது ரவுட்டர் மினுங்கிக்கொண்டிருந்தது.

"போன வாரம் மைனி. ஸ்பீடு பிளான் மாத்தினேம்லா, அவனே வந்து மாட்டிட்டுப் போனான். நீங்க அன்னைக்கு உம்மா வீட்டுக்குப் போயிருந்திய."

சஃபீனா எழுந்து ஒயரைப் பிடித்தாள். புது ரவுட்டரிலிருந்து ஒன்று சைனபின் கம்ப்யூட்டருக்குப் போனது. இன்னொன்று சுவரோரமாக ஏறி, படியின் கம்பியைச் சுற்றி, மேலே, முன்பு இரண்டு கம்ப்யூட்டரையும் இணைத்திருந்த அவளுடைய பழைய ரவுட்டருக்குள் நுழைந்தது. அதிலும் எந்தத் துளையில்? இன்டர்நெட் வரும் தனித் துளையில். பழைய ரவுட்டர், வெளியிலிருந்து வருகிற எல்லாரையும் போல வீட்டுக்குள் இருக்கும் சைனபையும் அந்நியர் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்திக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து உள்ளே வரமுடியாது.

அவள் சிரித்துவிட்டாள். "பூட்டினது நான் இல்ல, ஒன் மாப்பிள்ளை வாங்கிட்டு வந்த டப்பா!"

ஷகீல் டப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

பழைய ரவுட்டர் தன்பாட்டுக்கு எண் கொடுப்பதை முதலில் நிறுத்தினாள். பிறகு ஒயரைப் பிடுங்கி அதன் சாதாரணத் துளையில் சொருகினாள். இனி அது காவல் நிற்காது, வருவதை அப்படியே கடத்திவிடும். மேலே கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். இப்போது இரண்டுக்கும் ஒரே வரிசை எண். ஆனாலும் ஃபோல்டர் வரவில்லை. ஷகீல் பெருமூச்சு விட்டான். "பொறு" என்றாள் சஃபீனா. புது நெட்வொர்க்கைப் பார்த்த கம்ப்யூட்டர், அதை ரயில் நிலையத்து வைஃபை மாதிரிப் பொது இடம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. பொது இடத்தில் அது எதையும் பகிராது. இது வீடு என்று மாற்றிவிட்டு இறங்கி வந்தாள்.

சைனபின் திரையில் சஃபீனாவின் கம்ப்யூட்டர் வந்து நின்றது. தட்டியதும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது.

"பாத்தியளா, பூட்டு கேக்குது" என்றாள் சைனப் மெல்ல.

"கேக்கட்டும். ஒன் பேருலயே சாவி போட்டுருவோம்." சஃபீனா மேலே போய் சைனபின் பெயரில் ஒரு கணக்குத் திறந்தாள். பாஸ்வேர்டை சைனபையே மேலே கூப்பிட்டு அடிக்கச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். ஃபோல்டர் நின்ற பிறகு சைனப் படியேறியது அதுதான் முதல் தடவை.

"அது சரி, அந்தத் தாமரைய என்னத்துக்கு மாத்தின?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சீருடைத் துணி மெல்லிசு ராத்தா. நீங்க போட்டபடி தச்சா ஒரே எடத்துல ஊசி குத்திக் குத்தித் துணி கிழியுது. அதான் நூலைக் கொறச்சேன்."

சஃபீனா திரும்பினாள். "இத அன்னைக்கே சொல்லப்படாதா?"

"நீங்க எங்க சொல்ல விட்டிய?"

சஃபீனா பொது ஃபோல்டருக்குள் இரண்டு அறை பிரித்தாள். ஒன்றில் அவளுடைய மூலங்கள், சைனப் பார்க்கலாம், எடுக்கலாம், மாற்ற முடியாது. இன்னொன்று சைனபுடையது, அதில் அவள் இஷ்டம். பிறருக்குச் சாவி போடுவதையும் கீழேயிருந்தே செய்ய அவளுக்குக் காட்டிக்கொடுத்தாள். தாமரையை சைனப் மாற்றியபடியே மூலத்தில் வைத்துக்கொண்டாள்.

கோட்டுகளுக்கும் வழி இருந்தது. பெயருக்குக் கீழே இடம் காலியாகத்தானே கிடந்தது. செம்பூர் என்ற சொல்லை மட்டும் தனி டிசைனாகப் போட்டுச் சேமித்தாள். கீழேயிருந்து, "வந்துட்டு ராத்தா!" என்று குரல் வந்தது. சைனப் கோட்டு ஒவ்வொன்றையும் சட்டத்தில் இழுத்து மாட்டி, எழுத்து கோணாமல் நிறுத்தி, ஏற்றினாள். அதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. ஸ்நேஹல் தாயி வந்து பார்த்தபோது ஒரு கோட்டுக்கும் மறு கோட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போட்டுக்கொண்டு சந்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போனாள்.

சில நாள் கழித்து ஷகீல் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியேறினான். ஆர்டர் பிடிக்கப் போகும்போது டிசைன்களைக் காட்ட அவனுக்கும் ஃபோல்டர் வேண்டுமாம்.

"மைனி, எனக்கும் ஒரு சாவி போட்டுத் தாங்களேன்."

சஃபீனா திரையிலிருந்து கண்ணை எடுப்பதற்குள் கீழேயிருந்து சைனப் சத்தம் கொடுத்தாள்.

"ராத்தாவ என்னத்துக்குத் தொந்தரவு பண்ணுதிய? இங்கன எறங்கி வாங்க, நான் போட்டுத் தாரேன். பாக்க மட்டுந்தாம், மாத்த முடியாது!"