"இதை வாங்கலாமா?" என்று கேட்டவர்கள்

டிவி விற்கிற தொழிலில் விலையைச் சொல்வது எளிது, "இதை வாங்கலாமா?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

தூத்துக்குடியில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையின் மாடியில், டிவி பிரிவில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிஜமாகவே நிற்கிறேன். ஆள் வந்தால் உட்காரக் கூடாது; ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் முதலாளி அண்ணாச்சி கண்ணில் பட்டுவிடும். ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் கால் வீங்க நிற்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

விலை குறைந்த ஸ்மார்ட் டிவியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்லிவிடுவேன். புதிதில் வேகமாக இருக்கும். போகப் போக ஒரு ஆப்பைத் திறக்கவே யோசிக்கும். படம் பரவாயில்லை, சத்தம் சுமார். கடலை ஒட்டிய வீடென்றால் உப்புக் காற்று உள்ளே இருக்கிற போர்டை அரித்துவிடும். சில கம்பெனிகளுக்குப் பழுது பார்க்க வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும். இவ்வளவையும் கேட்டுவிட்டு அவரவர் ஒரு முடிவுக்கு வருவார்கள். அந்த முடிவுக்கும் நான் சொன்னதற்கும் பல சமயம் சம்பந்தமே இருக்காது.

டெமோவில் வந்த கடல்

எங்கள் கடையில் எல்லா டிவியிலும் கம்பெனி கொடுத்த ஒரே வீடியோதான் ஓடும். ஆழ்கடல், பவளப்பாறை, மஞ்சள் மீன்கள். நிறம் பளிச்சென்று தெரியட்டும் என்று அதைப் போட்டிருக்கிறார்கள். ஒருநாள் காலையில் திரேஸ்புரத்திலிருந்து புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர் வந்தார்கள். அவர் கடலுக்குள் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். அந்தப் பெண்ணுக்கு ஊர் கடலே இல்லாத கயத்தாறு பக்கம். இங்கே வேலைக்கு வந்த இடத்தில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டார்களாம். உப்புக் காற்று விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டிவிக்கு உறை போட்டு வைத்தால் தாங்குமா என்று விசாரித்தார்.

அந்தப் பெண் எங்கள் பேச்சில் இல்லை. பெரிய திரைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். வீடியோவில் ஒரு ஆள் இறங்கிக்கொண்டே போனான். தலைக்கு மேல் இருந்த வெளிச்சம் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. கணவர் பக்கத்தில் வந்து, இது வெளிநாட்டுக் கடல், நம்ம கடல் இப்படி இல்லை என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வேறு ஏதாவது போடுங்கள் என்று என்னிடம் கேட்டாள். சமையல் நிகழ்ச்சி ஒன்றை வைத்தேன்.

அன்றைக்கு அவர்கள் டிவி எடுக்கவில்லை. அவர் முன்னால் படி இறங்கிப் போக, அவள் கொஞ்சம் பின்தங்கி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"ரெண்டாள் ஆழம்னுதான்க்கா இத்தனை நாளும் எங்கிட்ட சொல்லியிருக்காவ."

மங்கலான திரை

இன்னொரு நாள் மகளோடு வந்த ஒரு அம்மாள், வெயிலில் கண் கூசுகிற உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். மகள் பளிச்சென்று எரிகிற திரைகளாகப் பார்த்துப் பார்த்து நின்றாள். அம்மாளோ நெற்றியில் கையை வைத்து மறைத்தபடியே நடந்து, மூலையில் மங்கலாகக் கிடந்த ஒரு டிவியைக் காட்டி, இதுதான் வேண்டும் என்றார். யாரும் எடுக்காத மாடல் அது. எந்த டிவியிலும் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று குறைத்தும் காட்டினேன். மகள் மறுபடி கூட்டிவிடுவாள், கூட்டவே முடியாததைக் கொடு என்றார். ஜன்னல் திறந்திருந்தால் இதில் படம் சரியாகத் தெரியாதே என்றேன்.

"வெளிச்சத்துல நின்னுதானம்மா வயித்தைக் கழுவுதேன், வீட்டுலயும் அது எதுக்கு?"

பேசுகிற ரிமோட்

காயல்பட்டினத்திலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். துபாயில் நெடுநாள் வேலை பார்த்துவிட்டு, இனிப் போவதில்லை என்று திரும்பி வந்தவர். மகள் பள்ளிக்கூடம் போகிற வயது. ஒவ்வொரு டிவியாகக் காட்டி, இது பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அது சரி என்பதா வேண்டாம் என்பதா என்று எனக்கே தெரியவில்லை. அவள் கொஞ்சம் தள்ளிப் போனபோது அவர் சொன்னார், பிறந்ததிலிருந்து தன்னை லீவில்தான் பார்த்திருக்கிறாள், இன்னமும் விருந்தாளியிடம் நடந்துகொள்வதுபோலத்தான் நடந்துகொள்கிறாள் என்று. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நியாயம்தானே என்பது போலத்தான் சொன்னார்.

குரலைக் கேட்டு வேலை செய்கிற ரிமோட்டைக் காட்டினேன். அவர் அதை வாயருகே பிடித்து மீன் குழம்பு என்றார். டிவி ஏதோ கார் விளம்பரத்தைக் கொண்டுவந்தது. மறுபடி சொன்னார், செய்தி வந்தது. மகள் வந்து அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, வாப்பா, நிறுத்திச் சொல்லணும் என்று சொல்லித் தானே சொல்லிக் காட்டினாள். மீன் குழம்பு கொதிக்க ஆரம்பித்தது. அடுத்ததையும் அவர் தப்பாகச் சொன்னார், அவள் திருத்தினாள். அதற்கடுத்ததை அவர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டாள்.

விலை குறைந்த டிவியில் இந்தக் குரல் வசதி தடுமாறும், பட்டன் ரிமோட்டே நம்பகம் என்று என் கடமைக்குச் சொன்னேன்.

"பட்டன் வேணாம்மா, அது தப்பாவே கேக்கட்டும், எம்பிள்ளை எனக்குச் சொல்லிக் குடுப்பா."

மழைச் சத்தம்

ஊருக்குள் புகுந்த வெள்ளம் வடிந்த பிறகு கொஞ்ச நாள் எங்கள் கடைக்கு வந்தவர்கள் வேறு மாதிரி இருந்தார்கள். யாரும் மாடல் கேட்கவில்லை, பேரம் பேசவில்லை. வீட்டில் எல்லாமே போயிருக்கும்; எதை முதலில் வாங்குவது என்று கடைக்கு நடுவில் நின்று யோசிப்பார்கள். பெரும்பாலும் அடுப்பு, மிக்ஸி என்று கீழ்த்தளத்தோடு போய்விடுவார்கள். ஒரு தம்பதி மட்டும் நேராக மாடி ஏறி என்னிடம் வந்தார்கள். நல்ல சத்தமாகக் கேட்கிற டிவி வேண்டும் என்றார்கள்.

வீடு வீடாகப் போய் டிவி மாட்டித் தருகிற எங்கள் மெக்கானிக் ஜெபராஜ் அப்போது பக்கத்தில் இருந்தார். வீட்டில் யாருக்காவது காது கேட்காதா என்று கேட்டார். அந்தக் கணவர்தான் சொன்னார். தண்ணீர் ஏறியபோது பக்கத்து வீட்டு மொட்டை மாடியில், தார்ப்பாய்க்கு அடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார்களாம். அதிலிருந்து தூறல் விழுந்தாலே மகள் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலில் ஏறிவிடுகிறாள். இறங்க மாட்டேன் என்கிறாள்.

இந்த விலை டிவியில் ஸ்பீக்கர் சின்னது, சத்தம் பெரிதாக வராது என்று சொன்னேன். ஜெபராஜ் சொன்னது அதைவிடப் பெரிய சங்கடம். மழை வந்தாலே நம் ஊரில் கரண்ட் போய்விடுமே என்றார். அவர்கள் அதை யோசித்திருக்கவில்லை. அப்புறம் ஜெபராஜே, இன்வெர்ட்டர் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். அண்ணன் வீட்டில் பழையது ஒன்று இருக்கிறதாம். அப்படியானால் இருக்கிறதிலேயே சின்ன டிவியாக எடுங்கள், அது இன்வெர்ட்டரில் நெடுநேரம் ஓடும், தனியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி வைத்துத் தருகிறேன் என்றார். பெரிய டிவியை விற்கச் சொல்லிச் சம்பளம் வாங்குகிற நானும், அதுதான் சரி என்றேன்.

பெட்டியைக் கட்டுவதற்கு முன் படத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தத் தாயைக் கூப்பிட்டேன்.

"படம் எப்படியும் இருந்துட்டுப் போகட்டும்க்கா, மழை பெய்யிறது அவளுக்குக் கேக்கக் கூடாது."

குறைகளைப் பார்த்தவர்

சாத்தான்குளத்துக்காரர் ஒருவர் முதலில் வந்தபோது அவரோடு அவருடைய அப்பாவும் வந்திருந்தார். பெரியவருக்குக் கபடி என்றால் உயிர். நான் பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரெய்டு போகிறவனுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் இது போதும்லே, எடுத்துரு என்றார். மகன் கேட்கவில்லை. செல்போனில் நிறையப் படித்துவிட்டு வந்திருந்தார். இதில் நினைவகம் குறைவு, வேகமாக ஓடுகிற காட்சியில் படம் கலங்கும், தீபாவளிக்குப் புது மாடல் வரும் என்றார். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை.

தீபாவளிக்கு அவர் மட்டும் வந்தார். புது மாடலைப் பார்த்துவிட்டு, பொங்கலுக்கு இன்னும் நல்லது வரும் என்று போனார். பொங்கலுக்கும் வந்தார், போனார். அதற்கப்புறம் வெகுநாள் ஆளைக் காணோம்.

கடைசியாக வந்த அன்று கையில் செல்போன் இல்லை. மழித்த தலையில் முடி இப்போதுதான் முளைக்க ஆரம்பித்திருந்தது. முதலில் பார்த்த அதே மாடல் வேண்டும் என்றார். கம்பெனி அதை நிறுத்திவிட்டது. காட்சிக்கு வைத்த ஒன்றுதான் மூலையில் இருந்தது. காட்சிக்கு வைத்ததை அண்ணாச்சி விற்க மாட்டார். நான் கீழே போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் மேலே வந்து அந்த மனிதரைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்தார். நாள் முழுக்க ஓடித் தேய்ந்த டிவி, குறைகள் இருக்கும், வீட்டுக்குப் போய் வருத்தப்படக் கூடாது என்று நான் சொன்னேன்.

"அதுல என்னென்ன குறைன்னு எனக்கு நல்லாத் தெரியும்மா, அதை மட்டுந்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஒவ்வொரு டிவியோடும் கொடுக்கிற உத்தரவாத அட்டையில் கடை முத்திரையைக் குத்துகிறேன். அந்த உத்தரவாதம் டிவிக்கு மட்டும்தான் என்பதை வாங்குகிற யாருக்கும் இதுவரை நான் சொல்ல வேண்டி வந்ததில்லை.