நெட்டையனுக்குப் பந்து கொடுக்கக் கற்றுத்தந்த அக்கா

பட்டச் சான்றிதழுக்கு இருபது பிரதி எடுக்கப் போன இடத்தில்தான் ஜெராக்ஸ் அக்காவை முதலில் பார்த்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒன்றிரண்டு பிரதியோடு நிறுத்த மனம் வரவில்லை. அக்கா சான்றிதழைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தார். ஆனால் பொத்தானை அழுத்தாமல் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றார்.

“ரெண்டு நிமிஷம் இரு தம்பி. பசங்களுக்கு இந்த வாரப் பயிற்சி ரிசல்ட் வர்ற நேரம்.”

ஏதோ விளையாட்டு விடுதியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, “எத்தனை பசங்கக்கா?” என்றேன்.

“பதினாலு.”

மூலையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர் தலை நிமிராமலே சொன்னார்: “என்னைப் பார்க்காத தம்பி. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

பதினாலு பேரும் கைப்பேசிக்குள் இருந்தார்கள். இணையத்தில் கூடைப்பந்து அணி நடத்தும் விளையாட்டு அது. யார் எந்த இடத்தில் ஆடுவது, இந்த வாரம் எந்தத் திறமைக்குப் பயிற்சி என்று நாம் சொல்லிவிட்டால் போதும். வாரம் ஓர் ஆட்டம் தானாக நடக்கும். மறுநாள் காலை யாருக்கு என்ன கூடியது என்று தெரியவரும். நிஜப் பந்தை அக்கா தொட்டதே இல்லை. “தொட்டா டோனர் கறை ஒட்டிக்கும்” என்பார்.

அவருடைய செல்லப்பிள்ளை நெட்டையன். ஏழடி உயரம். பதினெட்டு வயதில் அணிக்கு வந்தவன். கூடைக்கு அடியில் நின்றால் மலை. கைக்குப் பந்து வந்தால் அடுத்தவனுக்குக் கொடுக்கத் தெரியாது. அந்தத் திறமையை வளர்க்க ஒரே வழிதான் உண்டு. பந்தை முன்னே கொண்டுபோகிற இடத்தில், அதாவது குள்ளமான சுறுசுறுப்புக்காரர்கள் நிற்கிற இடத்தில், அவனை முழு ஆட்டமும் ஆட வைக்க வேண்டும். அங்கே ஆடினால் பயிற்சி ஏறும், அணி தோற்கும். அக்கா அந்தப் பருவம் முழுக்கத் தோற்றுக்கொண்டிருந்தார்.

“பனைமரத்தைப் பூந்தொட்டியில வளர்க்கிறா” என்பார் வீட்டுக்காரர். அவருடைய செல்லம் குட்டையன். நெட்டையனுக்குப் பக்கத்து இடத்தில் நின்று பயிற்சியில் பாதியை வாங்கிக்கொண்டிருந்த பொடியன்.

இத்தனை பிடிவாதத்துக்கும் காரணம் ஒரு கடிதம். அதே விளையாட்டில் இருபத்தோரு வயதுக்குட்பட்ட தேசிய அணியை நடத்துபவர் எழுதியிருந்தார்: பந்து கொடுப்பதில் நெட்டையன் எட்டாம் நிலையைத் தொட்டால் எடுத்துக்கொள்கிறேன். பட்டியல் மூட ஆறு வாரம். அடுத்த பட்டியலுக்குள் அவனுக்கு வயது தாண்டிவிடும். வீணான பிரதிகளின் பின்பக்கத்தில் அக்கா போட்ட கணக்கும் சரியாக ஆறு வாரம் என்றே சொன்னது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரம் பார்த்து அக்காவின் தங்கைக்குப் பிரசவம். வெளியூர் கிளம்பும்போது, வேலை மனுக்களுக்குப் பிரதி எடுக்க அடிக்கடி வந்துபோய்ப் பழகிவிட்ட என்னிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தார். “இவர்கிட்ட குடுத்தா எல்லாத்தையும் குட்டையனுக்கே வாரிக் குடுத்துருவாரு. நீ படிச்ச பிள்ளை. ஆட்டத்துக்கு முன்னாடி ஆளுங்களைப் போட்டுவிட்டுடு, போதும்.”

படித்த பிள்ளை சும்மா இருப்பானா? இரண்டு நாள் உட்கார்ந்து எக்செல்லில் பட்டியல் போட்டேன். ஏழடிக்காரன் குள்ளனின் இடத்தில் நிற்பதைக் கண்டேன். பாவம், அக்காவுக்குத் தெரியவில்லை என்று நானே திருத்தினேன். அணி ஜெயித்தது, அதுவும் முப்பத்தோரு புள்ளி வித்தியாசத்தில்.

“அக்கா, ஜெயிச்சிட்டோம்!” என்று போனில் கத்தினேன்.

“நெட்டையன் எங்க நின்னான்?”

“அவன் இடத்துலதான்க்கா. கூடைக்கு அடியில.”

மறுமுனையில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதையும் மீறி அக்காவின் குரல்: “அடப்பாவி.”

அவர் திரும்பி வந்த அன்று குற்றவாளிபோல் கடையில் நின்றேன். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “ஆறு வாரம் வேணும். இருக்கிறது அஞ்சு” என்று காகிதத்தைத் தள்ளினார்.

அதிலேயே ஒரு வழியும் இருந்தது. இரண்டு இடத்துக்குப் பகிர்ந்த பயிற்சியை ஒரே இடத்துக்குக் கொடுத்தால் வேகம் கூடும்; ஐந்து வாரத்திலேயே எட்டாம் நிலை வந்துவிடலாம். ஆனால் குட்டையனுக்கு ஒன்றும் கிடைக்காது. அக்கா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பைண்டிங் மெஷினின் கைப்பிடி பாதியில் நின்றது. “குட்டையனை உட்கார வை” என்றார் வீட்டுக்காரர்.

“நிஜமாவா சொல்றீங்க?”

“அவனுக்குப் பத்தொன்பதுதான் ஆகுது, காலம் கிடக்கு. நெட்டையனுக்குத்தான் வயசு போகுது.” கைப்பிடியை அழுத்தினார். “ஆனா தோத்துட்டு வந்து என்கிட்ட அழக்கூடாது.”

நாலு வாரம் வரிசையாகத் தோற்றோம். யாரும் அழவில்லை. கடைசி ஆட்டம் ஒரு மதிய நேரம். நெட்டையன் பாதி ஆட்டத்துக்குள் நாலு ஃபவுல் வாங்கிவிட்டான். அந்த விளையாட்டில் ஆறு வாங்கினால் வெளியே. அவன் வெளியே போனால் அந்த வாரப் பயிற்சி அரைகுறை. மூன்று பேரும் ஒரே கைப்பேசிக்குள் தலையை விட்டிருந்தோம். அடையாள அட்டையை நீட்டியபடி நின்ற பெரியவர் மெதுவாகக் கேட்டார்: “யாருக்கும்மா உடம்பு சரியில்ல?”

“எங்க பையனுக்குங்க” என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை என்றவர்தான்!

ஐந்தாவது ஃபவுலும் வந்தது. ஆறாவது வரவில்லை. பன்னிரண்டு புள்ளியில் தோற்றோம்; அக்கா பெரியவரின் அட்டைக்கு இரண்டு பக்கமும் பிரதி எடுத்து, லேமினேஷனும் போட்டு இலவசமாகக் கொடுத்தனுப்பினார். மறுநாள் காலை நெட்டையன் பெயருக்கு நேரே எட்டு என்று இருந்தது.

நெட்டையன் இப்போது தேசிய அணியில் ஆடுகிறான். அக்காவின் அணி ஒரு பிரிவு கீழே இறங்கி, அங்கே நடுவில் இருக்கிறது. இந்தப் பருவத்தின் பயிற்சி மொத்தமும் குட்டையனுக்கு. பயிற்சி முடிவு வருகிற காலையில் அந்தக் கடைக்குப் போகிறவர்கள் இன்றும் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். எக்செல் பட்டியல் போடும் வேலை என்னுடையது. கடவுச்சொல்லை அக்கா மாற்றிவிட்டார். புதியது எனக்குத் தெரியாது.